'பீப்' சத்தத்துக்குப் பின்னால்... அக்குபங்சர் புள்ளியில் மின்சாரம் அளக்கும் அறைக்குள் ஓர் எட்டு!

பேனா பருமனில் ஒரு கருவி. நுனியில் உலோகக் குமிழ். புறங்கையின் மேல் அதை மெல்ல நகர்த்திக்கொண்டே போகிறார் ஒருவர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் சதைமேட்டுக்கு வந்ததும் 'பீப்' என்று கூவுகிறது கருவி! குட்டி விளக்கு ஒன்று பளிச்சென்று எரிகிறது. "இதோ, புள்ளி அகப்பட்டுவிட்டது!"

அந்த ஒரு 'பீப்'புக்குள் எவ்வளவு சங்கதி இருக்கிறது தெரியுமா? ஒரு ஜப்பானிய மருத்துவர், ஒரு ஜெர்மானிய மருத்துவர், தங்க முலாம் பூசிய ஊசிகள், 64 மின்முனைகள் பதித்த ஒரு சதுரம், லட்சக்கணக்கான வியர்வைச் சுரப்பிகள், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனமே உள்ள செத்த தோல்! அத்தனையும் அந்தச் சத்தத்தின் பின்கட்டில் வரிசைகட்டி நிற்கின்றன. ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் பலரும் முடிவுரைக்குத்தான் தாவுவார்கள். எனக்கோ அதில் 'செய்முறை' என்று ஒரு பகுதி வருமே, அதுதான் உயிர். என்ன ஊசி, எத்தனை ஹெர்ட்ஸ், யார் அளந்தார், யாருக்குத் தெரியாமல் அளந்தார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். வாருங்கள், அந்தப் பக்கங்களுக்குள் நுழைந்துவிடுவோம்!

கியோத்தோவில் தொடங்கிய தேடல்

1950. ஜப்பானின் கியோத்தோ. யோஷியோ நாகதானி என்ற மருத்துவர், சிறுநீரக நோயாளி ஒருவரின் தோலில் எங்கெங்கே மின்சாரம் எளிதாகப் பாய்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். அந்த இடங்கள் கண்டபடி சிதறிக் கிடக்காமல் ஒரு கோடு போல அமைந்திருப்பதாக அவருக்குப் பட்டது. அந்தக் கோடோ, சீன மருத்துவம் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவரும் சிறுநீரக சக்தி ஓட்டப்பாதையோடு ஒத்துப்போனது! எந்த மருத்துவருக்குத்தான் அன்றிரவு தூக்கம் வந்திருக்கும்?

தன் முறைக்கு 'ரியோடோராகு' என்று பெயர் வைத்தார் நாகதானி. அந்தக் கருவியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். நோயாளி ஒரு கையில் உலோக உருளையைப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் கையில் இருக்கும் முனை சின்னக் குப்பி மாதிரி இருக்கும்; அதற்குள் உப்புநீரில் நனைத்த பஞ்சு. 12 வோல்ட் கொடுத்து, கையிலும் காலிலுமாக 24 இடங்களில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து அட்டவணையில் குறிப்பார்கள். எந்தப் பாதை கூடுதல், எது குறைவு என்று ஒரே தாளில் தெரிந்துவிடும். ஊசிக்கும் நாடிக்கும் நடுவே மின்மீட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது!

அதே 1950களில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ஃபோல் என்ற மருத்துவரும் இதே வேட்டையில் இறங்கினார். அவருடைய மீட்டரில் 0 முதல் 100 வரை அளவு; நடுவில் இருக்கும் 50தான் சமநிலை. நோயாளி ஒரு கையில் பித்தளை உருளையைப் பிடித்திருக்க, இன்னொரு கையின் விரலோரப் புள்ளிகளில் மருத்துவர் முனையை அழுத்துவார். முள் 50ஐத் தாண்டினாலும், ஏறிய முள் மெதுவாக இறங்கினாலும் அதற்கு ஓர் அர்த்தம் சொல்வார்கள். பிரான்ஸில் நிபோயே என்ற மருத்துவரும் குறைந்த மின்தடை கொண்ட தோல் புள்ளிகளைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்தார். மூன்று நாடுகள், மூன்று கருவிகள், ஒரே கேள்வி: அக்குபங்சர் புள்ளிக்கு மின்சார அடையாளம் ஒன்று உண்டா?

அமெரிக்காவுக்கு இந்த ஆர்வம் தொற்றியது ஒரு குடல்வால் அறுவைச் சிகிச்சையால்! 1971 ஜூலையில் பெய்ஜிங் போயிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அழற்சி. வழக்கமான மயக்க மருந்து கொடுத்துத்தான் அறுவை செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த வயிற்று உபாதைக்கு அக்குபங்சர் ஊசி குத்தினார்கள். அந்த அனுபவத்தை அவர் பத்திரிகையில் எழுத, அமெரிக்காவே நிமிர்ந்து உட்கார்ந்தது. சில ஆண்டுகளிலேயே நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் ராபர்ட் பெக்கர், மரியா ரைக்மானிஸ், ஆண்ட்ரூ மரினோ மூவரும் தோலில் மின்முனைகளோடு இறங்கிவிட்டார்கள். கைப்பிடியின் நுனியில் உருளும் ஒரு சக்கரம். அதைச் சக்தி ஓட்டப்பாதையின் மேல் உருட்டிக்கொண்டே போனால் கடத்துதிறன் கூடும் இடம் பதிவாகும்! கூடவே 36 மின்முனைகள் பதித்த ஒரு சதுரப் பலகை. 1975இல் மின்பொறியாளர்களின் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். சில புள்ளிகளில் கடத்துதிறன் சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாக இருந்தது. சில புள்ளிகளில் அப்படி ஒன்றும் தென்படவில்லை.

'சில புள்ளிகளில் மட்டும்' என்ற அந்தச் செய்திதான் அடுத்த தலைமுறை ஆய்வாளர்களைத் தூங்கவிடாமல் செய்தது. ஏன் சிலவற்றில் மட்டும்? விடை தேட, நாம் தோலுக்குள்ளேயே போக வேண்டும்.

உண்மையான கதாநாயகன்: செத்த தோல்!

நம் தோலின் மேல்மட்டத்தில் உயிரற்ற செல்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு படலம் இருக்கிறது. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விட்டுவிட்டால் உடலின் பெரும்பகுதியில் அதன் கனம் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். ஆனால் மின்சாரத்துக்கு அது எவ்வளவு பெரிய மதில் தெரியுமா? தோல் உலர்ந்திருந்தால் உடலின் மின்தடை ஏறத்தாழ 1,00,000 ஓம் வரை போகும். அதே தோல் நனைந்துவிட்டால் 1,000 ஓம் அளவுக்குச் சரிந்துவிடும். தோலைத் தாண்டி உள்ளே போனால், ரத்தமும் தசையும் உப்புநீருமாக, தடை சில நூறு ஓம்தான்!

பலாப்பழத்தின் முள்தோலைத் தடவிவிட்டு உள்ளே சுளை எப்படி என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? உலர்ந்த தோலில் ஒரு முனையை வைத்து அளக்கும்போது அதுதான் நடக்கிறது. மீட்டர் காட்டும் எண்ணில் பெரும்பங்கு அந்த மெல்லிய மேல்படலத்துடையது. அதற்குக் கீழே இருக்கும் திசுவின் குரல் அந்த எண்ணுக்குள் அமுங்கிப் போகிறது.

இதை நீங்களே பார்க்கலாம்! எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சாதாரண பேட்டரி மல்டிமீட்டர் போதும். ஓம் அளவில் வைத்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் ஒரே கையின் முன்கையில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் லேசாக வையுங்கள். லட்சக்கணக்கில் ஓம் காட்டும். சில மீட்டர்கள் அளவைத் தாண்டிவிட்டது என்றே காட்டிவிடும். இடத்தை மாற்றாமல் கொஞ்சம் அழுத்துங்கள். எண் மளமளவென்று இறங்குவதைப் பாருங்கள்! இப்போது விரலைத் தண்ணீரில் தொட்டு அந்த இடத்தைத் தடவிவிட்டு மறுபடியும் வையுங்கள். இன்னும் ஒரு பெரிய சரிவு! புள்ளி நகரவில்லை, பாதை மாறவில்லை. எண் மட்டும் பல மடங்கு மாறிவிட்டது. பேட்டரி மீட்டர் மட்டும்தான் இதற்கு. வீட்டு மின்சாரத்தில் செருகிய எந்தக் கருவியும் கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

முனையின் நுனியில் நடக்கும் திருவிளையாடல்

2007இல் போஸ்டன் மருத்துவர் ஆண்ட்ரூ ஆனும், ஆஸ்லோவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஓர்யான் மார்ட்டின்சனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அக்குபங்சர் புள்ளியை மின்சாரத்தால் அளக்கும்போது எங்கெல்லாம் சறுக்கும் என்பதுதான் பொருள். உடலின் மின்தடையை அளப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவரும், ஊசி மருத்துவத்தை அக்கறையோடு ஆராயும் ஒருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் என்னென்ன வெளியே வரும்! அவர்களைப் போன்றவர்கள் பார்த்துப் பார்த்துச் சரிசெய்யும் சங்கதிகளில் எனக்குப் பிடித்த சில இதோ.

அழுத்தம்தான் முதல் மாயக்காரன். அழுத்த அழுத்த, உலோகம் தோலின் மேடுபள்ளங்களில் நன்றாகப் பதிகிறது, தொடும் பரப்பு கூடுகிறது, தடை குறைகிறது. புள்ளி எங்கே என்று முன்பே அறிந்த கை, அந்த இடத்தில் தன்னையறியாமல் ஒரு பொட்டு கூடுதலாக அழுத்தினால் போதும், 'பீப்' கேட்டுவிடும். அதனால் நல்ல ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் கையின் பொறுப்பில் இருக்காது. வில்சுருள் வைத்த முனைகளைப் பயன்படுத்துவார்கள், அல்லது மின்முனையைத் தோலில் ஒட்டியே விடுவார்கள்.

இரண்டாவது, வியர்வை. நம் உடலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றின் நாளமும் உப்புநீர் நிரம்பினால் மேல்படலத்தைக் குறுக்கே துளைத்துப் போகும் மின்பாதை ஆகிவிடும். உள்ளங்கையிலும் விரல்களிலும் பாதங்களிலும் அவை மிக நெருக்கம். ஃபோல் முறையில் அளக்கும் விரலோரப் புள்ளிகளும் அந்த வட்டாரத்தில்தான்! அதோடு அந்தச் சுரப்பிகளை இயக்குவது தன்னியக்க நரம்புமண்டலம். பதற்றப்பட்டால், சட்டென்று ஒரு சத்தம் கேட்டால், ஏன், ஒரு கேள்வியைக் கேட்டாலே தோலின் கடத்துதிறன் மாறும். பிரெஞ்சு மருத்துவர் ஃபேரே 1888இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். பொய் கண்டறியும் கருவி இன்றும் நம்பியிருக்கும் அளவுகளில் இதுவும் ஒன்று. ஆகவே நல்ல ஆய்வில் அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கட்டுக்குள் வைத்து, வந்தவரை முதலில் அமைதியாக உட்காரவைத்துவிட்டுத்தான் அளப்பார்கள்.

அடுத்தது பரப்பு. மின்முனையின் பரப்பு இரட்டிப்பானால் தடை ஏறத்தாழ பாதியாகும். ஜெல் ஓர் ஓரமாக வழிந்து பரவினால்கூட அளவு மாறிப்போகும்! நேரமும் சும்மா இருக்காது. ஜெல் மெல்ல மெல்ல மேல்படலத்தை ஊறவைக்க, நிமிடங்கள் ஓட ஓடத் தடை இறங்கும். முதலில் புள்ளியையும் பிறகு பக்கத்து இடத்தையும் அளப்பதற்குள் உலகம் மாறியிருக்கும். நேர்திசை மின்னோட்டம் இன்னும் குறும்பு: உலோகமும் உப்பீரமும் சந்திக்கும் இடத்தில் மின்வேதி மாற்றங்களை உண்டாக்கி, தான் அளக்க வந்ததையே மாற்றிவிடும். ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுகிறார்களே, அந்த வில்லைகளில் வெள்ளியும் வெள்ளி குளோரைடும் பூசியிருப்பது இந்தக் குறும்பை அடக்கத்தான்.

மாறுதிசை வந்தது, செல்கள் பேசத் தொடங்கின

இங்கேதான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! நேர்திசையை விட்டுவிட்டு மாறுதிசை மின்னோட்டத்துக்கு மாறினால் உடல் வேறொரு முகம் காட்டும்.

ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு. அதன் கனம் 7, 8 நானோமீட்டர்தான். இருபுறமும் உப்புநீர், நடுவே கொழுப்புப் படலம்: பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே மின்தேக்கி! ஒரு சதுர சென்டிமீட்டர் சவ்வுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஃபாரட். மாறுதிசை மின்னோட்டம் நிதானமாக, சில ஹெர்ட்ஸ் வேகத்தில் மாறினால் சவ்வு அதை உள்ளே விடாது. மின்னோட்டம் செல்களைச் சுற்றிக்கொண்டு போகும். அதே மின்னோட்டம் நூறு கிலோஹெர்ட்ஸ், ஆயிரம் கிலோஹெர்ட்ஸ் என்று வேகமெடுத்தால் சவ்வு வழிவிடும். மின்னோட்டம் செல்லுக்குள்ளேயே புகுந்து போகும்! தடையும் இந்த மின்தேக்கிக் குணமும் சேர்ந்த கூட்டு எண்ணைத்தான் இம்பீடன்ஸ் என்கிறார்கள். நம் பாடப்புத்தகங்களில் மின் எதிர்ப்பு.

அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனால் திசுவின் குணம் படிப்படியாக மாறுவதை வரைபடத்தில் பார்க்கலாம். 1957இல் ஹெர்மன் ஷ்வான் என்ற ஆய்வாளர் அந்தப் படிகளுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயரிட்டார். கொழுப்பு மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கும். ரத்தமும் தசையும் வழிவிடும். தசையிலும், நாரின் நீளவாக்கில் பாய்வது எளிது, குறுக்கே பாய்வது கடினம். ஒரே தசை, திசைக்கு ஓர் எண்! ஜிம்மில் ஏறி நின்றால் உடல்கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும் எடைமேடை இருக்கிறதே, அது பாதங்கள் வழியாக வழக்கமாக 50 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை அனுப்பி, திரும்பி வரும் இம்பீடன்ஸை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.

ஆக, 'புள்ளியில் தடை குறைவு' என்று யாராவது சொன்னால் நாம் உற்சாகமாகக் கேட்கவேண்டிய முதல் கேள்வி: எந்த அதிர்வெண்ணில்? குறைந்த அதிர்வெண்ணில் பேசுவது தோலின் மேல்படலம். அதிர்வெண் ஏற ஏறத்தான் கீழே இருக்கும் திசுவின் குரல் மீட்டருக்கு எட்டும்.

மியூனிக்கின் 64 கண்கள்

அழுத்தும் கையை எப்படி ஆட்டத்திலிருந்து விலக்குவது? ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் கொண்டுவந்த விடையைப் பாருங்கள். 64 மின்முனைகளை வரிசை வரிசையாகப் பதித்த ஒரே பலகை! புள்ளி இருக்கும் இடத்தை நடுவில் வைத்து அதைத் தோலில் பதித்துவிட்டால், புள்ளியும் அதன் சுற்றுப்புறமும் ஒரே நேரத்தில், ஒரே சூழ்நிலையில் பதிவாகும். தேடிப் பிடிப்பது என்ற பேச்சே இல்லை. தடைக்கு ஒரு நிலவரைபடமே கிடைத்துவிடும்.

2009இல் முடிவு வெளியானது. பெரும்பாலான அளவீடுகளில் புள்ளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிந்தவற்றில் சிலவற்றில் புள்ளியின் தடை குறைவு, வேறு சிலவற்றில் கூடுதல்! கூடுதலாகவும் இருக்கலாம் என்பது கையால் தேடும் பேனாவுக்கு ஒருநாளும் தெரிய வராது. அது குறைந்த தடைக்கு மட்டும்தானே கூவும்? 64 முனைகளும் ஒரே நேரத்தில் வாய் திறந்ததால் அல்லவா அந்தச் செய்தி வெளியே வந்தது!

அமெரிக்காவின் போர்ட்லாண்டில் அகதா கோல்பர்ட் குழுவினர் வேறொரு வழியில் போனார்கள். பல இடங்களில் மின்முனைகளை ஒட்டிவிட்டு, மனிதக் கை படாமல், நேரம் போகப் போகத் தோலின் இம்பீடன்ஸ் எப்படி ஏறி இறங்குகிறது என்று தொடர்ந்து பதிவு செய்யும் அமைப்பை உருவாக்கினார்கள். ஒரு கணத்து 'பீப்'புக்குப் பதிலாக மணிக்கணக்கில் நீளும் ஒரு கோடு! 2007இல் அந்தக் குழு வெளியிட்ட அளவீட்டில், சோதித்த புள்ளிகளின் இம்பீடன்ஸ் பக்கத்து இடங்களைவிடக் குறைவாக இல்லை.

பர்லிங்டனின் தங்க ஊசிகள்

இனி வரப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகம், பர்லிங்டன் நகரம். அங்கே ஹெலன் லாஞ்ஜ்வான் என்ற மருத்துவர், ஊசி குத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று துருவிக்கொண்டிருந்தார். ஊசியைத் திருகும்போது இணைப்புத்திசுவின் கொலாஜன் இழைகள் ஊசியில் சுற்றிக்கொள்வதை அவர் குழு கண்டது! 2002இல் இன்னொரு செய்தி: கையின் குறுக்குவெட்டுகளில் புள்ளிகளைக் குறித்துப் பார்த்தபோது, அவற்றில் 80 சதவீதம் தசைகளுக்கு இடையிலோ உள்ளேயோ ஓடும் இணைப்புத்திசு அடுக்குகளின் மேல் விழுந்தன.

அப்படியானால் அந்த அடுக்குகள் வழியே மின்சாரம் எளிதாகப் பாயுமா? 2005இல் ஆண்ட்ரூ ஆனோடு சேர்ந்து சோதித்தார்கள். இப்போது செய்முறையைப் பாருங்கள், கண்கொள்ளாக் காட்சி! தோலின் மேல்படலம்தானே தொல்லை? ஊசியால் அதைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். தங்க முலாம் பூசிய நான்கு ஊசிகள், ஒரே நேர்க்கோட்டில். வெளியே இருக்கும் இரண்டு ஊசிகள் 3.3 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைச் செலுத்தும். உள்ளே இருக்கும் இரண்டும் மின்னழுத்தத்தை அளக்க மட்டும். அளக்கும் ஊசிகள் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய ஓடாததால், ஊசியும் திசுவும் தொடும் இடத்தின் தடை கணக்கில் வராது. மின்னளவியலில் இது பழைய, அழகான உத்தி.

இடத்தை எப்படிக் குறித்தார்கள்? அதிலும் ஒரு கலை இருக்கிறது. அக்குபங்சரில் தூரத்தை 'சுன்' கணக்கில் சொல்வார்கள். அது அவரவர் உடலுக்கு ஏற்ப மாறும். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை 12 சுன். ஒருவருக்கு அது 24 சென்டிமீட்டர் என்றால் அவருடைய 1 சுன் 2 சென்டிமீட்டர். வாந்திக்கும் குமட்டலுக்கும் பெயர்பெற்ற நெய்குவான் என்ற புள்ளி மணிக்கட்டிலிருந்து 2 சுன் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே. உலக சுகாதார அமைப்பு 2008இல் இப்படி 361 புள்ளிகளின் இடங்களை வரையறுத்து வெளியிட்டது. பர்லிங்டனிலும் இந்த விகிதக் கணக்கோடு விரலால் தொட்டுப் பார்த்துத்தான் பாதையைக் குறித்தார்கள். பக்கத்திலேயே, அதற்கு இணையாக, பாதை இல்லாத ஓர் ஒப்பீட்டுக் கோடு. 23 பேர். இரண்டு பாதைகள்: முன்கையில் இறங்கும் பெரிகார்டியம் (இதய உறை) பாதை, காலில் ஏறும் மண்ணீரல் பாதை.

முடிவு? பெரிகார்டியம் பாதையில் சராசரி இம்பீடன்ஸ் சுமார் 70 ஓம். ஒப்பீட்டுக் கோட்டில் 75 ஓம். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் புள்ளியியல் சோதனையில் தாக்குப்பிடித்தது! மண்ணீரல் பாதையிலோ வித்தியாசமே இல்லை. அதோடு விடவில்லை அவர்கள். கூடவே எடுத்த அல்ட்ராசவுண்ட் படங்களைப் பார்த்தபோது ஒரு குறிப்பு அகப்பட்டது: ஊசி இணைப்புத்திசுவைத் தொட்டுக்கொண்டிருப்பதே அந்தக் குறைவுக்குக் காரணமாக இருக்கலாம். 2010இல் இதே ஆய்வாளர்கள் தொடர்ந்து செய்த ஆய்வில், தோலுக்கடியில் கொலாஜன் பட்டைகள் இருக்கும் இடங்களில் இம்பீடன்ஸ் குறைவாக இருப்பது தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத பாதையைத் தேடிப் போனவர்களுக்கு, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு திசு கிடைத்திருக்கிறது!

தராசில் வைத்தபோது

2008இல் ஆன், கோல்பர்ட், மார்ட்டின்சன் உள்ளிட்டோர் அதுவரை வந்த ஆய்வுகளில் தங்கள் அளவுகோலுக்குள் வந்த 18ஐ எடுத்துத் தராசில் வைத்தார்கள். 9 ஆய்வுகள் புள்ளிகளைப் பற்றியவை. அவற்றில் 5இல் குறைந்த தடைக்குச் சாதகமான முடிவு. மற்ற 9 பாதைகளைப் பற்றியவை. அவற்றில் 7 சாதகம். எண்ணிக்கையைப் பார்த்தால் ஜெயித்துவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் அவர்கள் எண்ணிக்கையோடு நிற்காமல் ஒவ்வோர் ஆய்வின் செய்முறையையும் பிரித்துப் பார்த்தார்கள். சோதித்த ஆட்கள் குறைவு. அளவைக் குழப்பும் காரணிகள் பல. தரம் பொதுவாகத் தாழ்வு. அக்குபங்சர் புள்ளிகளையோ பாதைகளையோ மின்சாரத்தால் தனித்து அடையாளம் காணமுடியும் என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை என்பதே அவர்கள் முடிவு.

இந்த முடிவை எழுதியவர்கள் யார் என்று கவனியுங்கள்! புள்ளிகளுக்கு மின் அடையாளம் இருக்கக்கூடும் என்ற ஆவலோடு ஆண்டுக்கணக்கில் மின்முனை ஒட்டியவர்களே, தங்களுக்குச் சாதகமான எண்ணிக்கை கையில் இருந்தும், 'போதாது' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த நேர்மைக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது எனக்கு.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்வோம். ஊசி வலியைக் குறைக்கிறதா என்பது ஒரு கேள்வி. புள்ளியின் மின்தடை வேறுபடுகிறதா என்பது இன்னொரு கேள்வி. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டக்கூடாது. நம் ஊரில் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டுச் செய்யும் அக்குபங்சர் பரவலாக இருக்கிறது. அந்தச் சிகிச்சைக்கு மின்கருவி தேவையும் இல்லை. ஆனால் புள்ளி தேடும் பேனாக்கள் ஆன்லைன் கடைகளில் கிடைக்கின்றன. தோலில் வைத்து அளந்து 'உங்கள் கல்லீரல் இத்தனை, சிறுநீரகம் இத்தனை' என்று தாள் நீட்டும் கருவிகளும் இருக்கின்றன. அப்படி ஒரு தாள் உங்கள் கைக்கு வந்தால் தயங்காமல் கேளுங்கள்: அழுத்தம் எப்படிச் சமமாக வைக்கப்பட்டது? எந்த அதிர்வெண்? என் வியர்வையைக் கணக்கில் எடுத்தீர்களா? என் பெயரோ நோயோ தெரியாத இன்னொருவர் பத்து நிமிடம் கழித்து அளந்தால் இதே எண் வருமா? இவற்றுக்கு விடை கிடைக்காதவரை அந்தத் தாளை நம்பி ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள், ஒரு பரிசோதனையைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லவேண்டியதை விரலோரத்து வியர்வை சொல்லாது.

இதே அளவீட்டுக் கலை ஒழுங்காகக் கைவந்தால் என்ன செய்யும் என்பதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சாட்சி இருக்கிறது. நெஞ்சைச் சுற்றி மின்முனைகள் பதித்த ஒரு பட்டை. அது சிறிய மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, வென்டிலேட்டரில் இருப்பவரின் நுரையீரலில் காற்று எந்தப் பகுதிக்குப் போகிறது, எந்தப் பகுதிக்குப் போகவில்லை என்று கட்டிலருகிலேயே நகரும் படமாகக் காட்டுகிறது. காற்று நிறைந்தால் இம்பீடன்ஸ் ஏறும், வெளியேறினால் இறங்கும்! கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. திசுவின் மின்குணத்தைப் பொறுமையாகப் படித்தவர்கள் நோயாளிக்குக் கொடுத்த கொடை இது.

பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகளே, இந்த வேலை உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது! இம்பீடன்ஸ் அளக்க ஏடி5933 மாதிரி சிப்புகள் வந்துவிட்டன. ஈசிஜி வில்லைகள் மருத்துவக் கருவிக் கடைகளில் கிடைக்கும். பேராசிரியரின் மேற்பார்வையும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்கிக்கொண்டு, பேட்டரியில் ஓடும் கருவி ஒன்றைக் கட்டுங்கள். அனுபவமுள்ள அக்குபங்சர் மருத்துவர் ஒருவர் புள்ளிகளைக் குறிக்கட்டும். எது புள்ளி, எது பக்கத்து இடம் என்று தெரியாத இன்னொருவர் அளக்கட்டும். இதுவரை வந்த ஆய்வுகளின் பெரிய குறை, ஒவ்வொன்றிலும் ஆட்கள் சொற்பம் என்பதுதான். ஒரே முறையைக் கல்லூரிக்குக் கல்லூரி பின்பற்றினால் 23 பேர் 2,300 பேர் ஆக எவ்வளவு காலம் பிடிக்கும்? முக்கால் நூற்றாண்டாகத் திறந்தே கிடக்கும் இந்தக் கேள்விக்கு 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ திடமான ஒரு விடையை உங்கள் கல்லூரி ஆய்வகத்திலிருந்தே எழுதமுடியும். அதைப் படிக்கும் முதல் வரிசையில் நான் இருப்பேன்!